அறுபத்திரண்டில் நின்ற கம்ப்யூட்டர்

அத்தியாயம் 5

முதல் நான்கு அத்தியாயங்களைப் படிக்காதவர்கள் முழிக்க வேண்டாம். அந்த வழக்குகளுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. துப்பறிகிறவர் மட்டும் அதே ஆள்தான். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, அதிகம் பேசாதவர், எல்லோருக்கும் 'மேடம்'. அவருடைய உதவியாளனும் அதே ஸ்க்ரூதான். சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு ஸ்க்ரூடிரைவர் செருகியிருப்பதால் அந்தப் பெயர். நாற்பது வயது. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்து மூடியவன். கடைக்குப் பூட்டுப் போட்டானே தவிர வாய்க்குப் போடவில்லை. அந்த வாய் ஒரு சனிக்கிழமை தானாக அடைத்துப்போன கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

காலை பத்து மணி. சைக்கிள் கடை மாடியில் இருந்த ஒற்றை அறை அலுவலகத்தில் ஒரு டீச்சர் வந்து உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். கைப்பையை மடியில் வைத்து அதன் வாரை முறுக்கிக்கொண்டே பேசினாள்.

"எங்க அப்பா அம்மா வீட்டுல இருக்கிற கம்ப்யூட்டரை யாரோ வேணும்னே கெடுக்கிறாங்க, மேடம்."

"பொட்டிக்கு வைத்தியமா?" என்றான் ஸ்க்ரூ. "இப்படி ஆள் தேடி வரும்னு தெரிஞ்சிருந்தா நான் கடையையே மூடியிருக்க மாட்டேனே."

"கடைக்காரர்கிட்டயும் காட்டிட்டேன் சார். 'மெஷின்ல ஒரு கோளாறும் இல்லம்மா, கோளாறு உங்க வீட்டுலதான் இருக்கு'ன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டார்."

"அனுபவப்பட்ட மனுஷன்."

மேடம் கையைக் காட்டினார். ஸ்க்ரூ வாயை மூடினான். டீச்சர் சொன்னது இதுதான்.

அவளுடைய அப்பா டைப்பிஸ்ட். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை, வீட்டிலிருந்தே காதில் கேட்டு அறிக்கையாக அடித்துக் கொடுப்பவர். இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாள் லீவு போட்டதில்லை. இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. திங்கட்கிழமை முதல் பழைய சிஸ்டம் உள்ள கம்ப்யூட்டர் எதுவும் அவர்களோடு இணைய முடியாது. அதற்குள் புது சிஸ்டத்துக்கு மாற்றாவிட்டால் வேலை இல்லை.

டீச்சருக்கு வேலை வேறு ஊரில். வார இறுதியில் மட்டும்தான் வர முடியும். மூன்று வாரமாக வந்து வந்து புது சிஸ்டத்தைப் போட்டுப் பார்த்தாள். மூன்று வாரமும் மண்ணைக் கவ்வினாள்.

"முதல் வாரம் முப்பது சதவீதத்துல எரர் காட்டி நின்னுடுச்சு. பார்த்தா, பொட்டிக்குப் பின்னாடி ஒரு பென்டிரைவ் செருகியிருக்கு. அது இருந்தா புது சிஸ்டம் ஏறாது. நான் செருகல. கேட்டா யாருக்கும் தெரியல. ரெண்டாவது வாரம், இடம் பத்தலன்னு சொல்லிடுச்சு. முந்தின வாரம் ஹார்ட் டிஸ்க்குல பாதி காலியா இருந்தது, மேடம். யாரோ ஒரே ஃபோல்டரைத் திருப்பித் திருப்பிக் காப்பி பண்ணி ரொப்பி வச்சிருக்காங்க."

"மூணாவது?"

"நல்லாப் போய்க்கிட்டிருந்தது. இனி யாரும் தொடக் கூடாதுன்னு அப்பாவையும் கூட்டிக்கிட்டு செருப்புக் கடைக்குப் போயிட்டேன். வந்து பார்த்தா அறுபத்திரண்டுல நின்னு, பழைய சிஸ்டத்துக்கே திரும்பியிருக்கு. பிளக் சுவர்லேர்ந்து கழண்டு கிடக்கு."

"யார் மேல சந்தேகம்?"

"மாமா மேல. அம்மாவோட தம்பி, மாடியில இருக்கார். மெத்தைக் கடை வச்சிருக்கார். அந்த ரூமைக் காலி பண்ணிக் கொடுங்க, பஞ்சு மூட்டை அடுக்கணும்னு ஒரு வருஷமா நச்சரிக்கிறார்." அவள் குரல் இறங்கியது. "இந்த வேலை போச்சுன்னா அப்பா உடைஞ்சு போயிடுவார் மேடம். இப்பவே ஒரு மாதிரிதான் இருக்கார். செருப்புக் கடைக்குப் போறப்ப வழி முழுக்க என் கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தார். சின்ன வயசுல கூட அப்படிப் பிடிச்சதில்ல. எனக்கு சந்தோஷமாவும் இருந்தது, பாவமாவும் இருந்தது."

மேடம் அதைக் கேட்டு எதுவும் குறித்துக்கொள்ளவில்லை. பேனாவை மட்டும் மூடி வைத்தார்.

"நீங்க நாலு மணிக்கு வீட்டுக்கு வாங்க. அதுவரைக்கும் அந்தப் பக்கம் வர வேணாம். கம்ப்யூட்டர் பார்க்கிற ஆள் வருவாங்கன்னு மட்டும் அம்மாகிட்ட போன்ல சொல்லிடுங்க."

வீடு ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது. கதவைத் திறந்த டைப்பிஸ்ட்டின் மனைவி மெலிந்த, சின்ன உருவம். கணவர் குளித்துக்கொண்டிருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்று சொல்லி, அறையைக் காட்டிவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

குறுகலான அறை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, தடுப்பில்லாத ஜன்னல். பட்டப்பகலில் மேஜை விளக்கு வேறு பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. ஸ்க்ரூ உட்கார்ந்து கைவிரல்களைச் சொடக்கினான். மூடிய கடையின் முதலாளிக்குப் பழைய சிம்மாசனம் திரும்பக் கிடைத்துவிட்ட திருப்தி.

"கீபோர்டைப் பாருங்க மேடம். என்னத்தையோ கொட்டியிருக்காங்க. காய்ஞ்சு ஒட்டியிருக்கு. ஒரு துணியால துடைக்கக் கூடவா நேரமில்ல?"

மேடம் குனிந்து பார்த்தார். "கொட்டினது, நாலே நாலு கீயில மட்டும், அதுவும் சரியா நடுவுல, ஒவ்வொரு சொட்டாக் கொட்டுமா?"

ஸ்க்ரூ விரலால் தடவினான். பசை. பொத்தான் பொத்தானாகப் புடைத்து நின்றது. டேப் கீயில் ஒன்று, கீழ் அம்புக்குறியில் ஒன்று, இன்னும் இரண்டில்.

"மௌஸ் எங்க?"

மௌஸ் திரைக்குப் பின்னால் கிடந்தது. வாங்கி வந்தபோது கட்டியிருந்த கம்பி முடிச்சு இன்னும் அவிழ்க்கப்படவில்லை. மேலே தூசி. "இது பிறந்ததுலேர்ந்து பட்டினி," என்றான் ஸ்க்ரூ. கொக்கியில் தொங்கிய ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டினான். மாட்டிய வேகத்தில் கழற்றினான். "அம்மாடி, எலிப்பொறி. இந்த டைப்பிஸ்ட்டுக்குத் தலையா, எலுமிச்சம்பழமா?"

மேடம் அந்த ஹெட்போனை வாங்கி, நீட்டவும் சுருக்கவும் முடிகிற அதன் பட்டை எந்தப் பல்லில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே மாட்டினார்.

மேஜைக்கடியில் ஒரு கால் பெடல் இருந்தது. அழுத்தினால் பதிவு ஓடும், குதிகாலை ஊன்றினால் சில நொடி பின்னால் போகும், காலை எடுத்தால் நிற்கும். கையைக் கீபோர்டிலிருந்து எடுக்காமல் கேட்டுக் கேட்டு அடிக்க டைப்பிஸ்ட்டுகளுக்கு அதுதான் வசதி. ஸ்க்ரூ பதினைந்து நிமிஷம் திரையில் எதை எதையோ திறந்து பார்த்தான். பிறகு நாற்காலியைச் சுழற்றினான்.

"கேஸ் முடிஞ்சது மேடம். குற்றவாளி காலடியிலேயே படுத்திருக்கு. இந்தப் பெடலை ஓட்டுற மென்பொருள் அரதப் பழசு. புது சிஸ்டம் இதைப் பார்த்தாலே முறைக்குது. எரர் குறிப்புல இதோ எழுதியிருக்கு. பெடலைக் கழட்டிட்டு, புது மென்பொருள் போட்டா எல்லாம் சுபம்."

"நல்லது. பென்டிரைவைப் பின்னாடி செருகினது எந்தப் பெடல்?"

ஸ்க்ரூ குனிந்து மேஜைக்கடியைப் பார்த்தான்.

"ஃபோல்டரைக் காப்பி பண்ணினது? பிளக்கைப் பிடுங்கினது?"

"சரி, வாபஸ்," என்றான் ஸ்க்ரூ. "அப்போ மெத்தைக்கடை மாமா."

தேநீர் எடுத்துவந்த மனைவியிடமே மேடம் கேட்டார். "உங்க தம்பிக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

"அவனுக்கா? அதை ஆன் பண்ணவே தெரியாது. பத்து நாளா ஊர்லயே இல்ல, பஞ்சு வாங்கப் போயிருக்கான். ரெண்டு நாள்ல வருவான்."

அவள் உள்ளே போனதும் மேடம் குரலைத் தாழ்த்தினார். "முதல் ரெண்டு வேலையும் கம்ப்யூட்டர் நல்லாத் தெரிஞ்ச கை, ஸ்க்ரூ. பொட்டிக்கு எந்தச் சேதமும் வராம, அப்கிரேடை மட்டும் நிறுத்தியிருக்கு. பாதியில பிளக்கைப் பிடுங்கினா மொத்தமும் செத்துப்போகலாம்னு அந்தக் கைக்குத் தெரியும். மூணாவது கைக்குத் தெரியல. அது வேற கை."

"ஒரு வீட்டுல இருக்கிறதே ரெண்டு பேரு, மேடம்."

"அதான்."

அப்போது டைப்பிஸ்ட் வந்தார். ஐம்பத்தேழு வயது. நல்ல பருமன், பெரிய தலை, ஈரமாகப் படிய வாரிய முடி. வலது கைவிரல்கள் சுவரை உரசிக்கொண்டே வந்தன. பழைய வீடுகளில் பலர் அப்படி நடப்பதுண்டு என்று ஸ்க்ரூ அதை விட்டுவிட்டான். பின்னால் நினைத்து நினைத்து வருந்தினான் என்பது வேறு விஷயம்.

"பொண்ணு அனுப்பின ஆளுங்களா? உட்காருங்க, உட்காருங்க. எனக்கு நாலு ஃபைல் பாக்கி இருக்கு. நீங்க பொட்டியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி இந்த ஒண்ணை மட்டும் முடிச்சுக்கறேன்."

உட்கார்ந்தார். கொக்கிக்கு நேராகக் கை போயிற்று. ஹெட்போனை எடுத்து இரண்டு பக்கமும் டக், டக், டக் என்று மூன்று பல் இழுத்து நீட்டி மாட்டிக்கொண்டார். தினமும் செய்து பழகிய காரியம் என்பதால் அதில் அவருக்கு யோசனையே இல்லை. மனைவி அவருடைய தேநீரைக் கொண்டுவந்தாள். கீபோர்டுக்கு வலது பக்கம் வைத்தாள். வைத்துவிட்டு மேஜையை நகத்தால் இரண்டு தட்டு தட்டினாள். அவர் முகத்தைத் திருப்பாமலே டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தார்.

பிறகு அடிக்க ஆரம்பித்தார். ஸ்க்ரூ அப்படி ஒரு வேகத்தைப் பார்த்ததில்லை. மழை வலுப்பதுபோல் சத்தம் கூடிக்கொண்டே போனது. பத்து விரலும் ஓடின, காலும் ஓடியது. பார்க்கப் பார்க்க அவனுக்கு ஆசை தாங்கவில்லை. கிட்டத்தில் போய்த் திரை மேல் கவிந்து எட்டிப் பார்த்தான். சட்டைப்பை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடி திரையின் ஓரத்திலிருந்த பொத்தானில் போய் இடித்தது.

திரை அணைந்தது.

ஸ்க்ரூ நாக்கைக் கடித்துக்கொண்டான். 'சாரி சார்' என்று சொல்ல வாயைத் திறந்தான். ஆனால் டைப்பிஸ்ட் நிறுத்தவில்லை. அதே வேகத்தில் அடித்துக்கொண்டே போனார். ஒரு பத்தி முடிந்திருக்க வேண்டும். காலைப் பெடலிலிருந்து எடுத்தார். ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கி, கறுத்துக் கிடந்த திரையை நோக்கிப் பெருமையாகக் கையை நீட்டினார்.

"பாருங்க தம்பி. இவ்வளவு நீளத்துல ஒரு பிழை கண்டுபிடிங்க பார்ப்போம்."

ஆயிரம் கிண்டல் ஊறும் ஸ்க்ரூவின் வாயில் அந்த நேரத்தில் எச்சில் கூட ஊறவில்லை. அவன் மேடத்தைப் பார்த்தான். மேடம் மெல்லத் தலையசைத்தார். அவர் இந்த முடிவுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டார் என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

"பிழை எதுவும் இல்ல சார்," என்றார் மேடம். "எவ்வளவு நாளா இப்படி?"

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கி மடிக்கு வந்தது.

"ஸ்க்ரீன் ஆஃப் ஆயிருக்கா?"

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"ஒரு பத்தி நேரமா."

டைப்பிஸ்ட் சிரித்தார். சிரிப்பா அது? கேட்டவர்களுக்கு அழுதிருக்கலாமே என்று தோன்றியது. "ஆன் பண்ணிடுங்க தம்பி. எனக்காக இல்ல. அவ பார்த்துடுவா."

ஸ்க்ரூ பொத்தானை அழுத்தினான்.

"ஜன்னல் எங்க இருக்குன்னு தெரியும். விளக்கு எரியுதான்னு தெரியும். உங்க முகம் தெரியாது," என்றார் டைப்பிஸ்ட். "ஒரு வருஷமாவே மங்கிக்கிட்டு வந்தது. ஆஸ்பத்திரியிலேயே போய்க் காட்டினேன். அந்த டாக்டர் நல்ல மனுஷர். சொட்டு மருந்து கொடுத்தார், பார்க்கலாம், கவலைப்படாதீங்கன்னு தோளைத் தட்டி அனுப்பினார். மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு வர்ற ஃபைல்ல பேர் இருக்காது, நோயாளி நம்பர் மட்டும்தான். ஹெட்போனை மாட்டினேன், பெடலை அமுக்கினேன். அதே டாக்டர் குரல். சொன்ன நம்பர் என்னோடது."

பின்கட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"நேர்ல பூசி மெழுகினவர் அதுல உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தார். ஆண், வயது ஐம்பத்தேழு. இரண்டு கண்ணிலும் நரம்பு தேய்ந்துவிட்டது. மீட்க வழியில்லை. ஓராண்டுக்குள் முழுமையாகப் போய்விடும். கடைசி வரி என்ன தெரியுமா? நோயாளியிடம் இதைப் படிப்படியாகச் சொல்ல வேண்டும்." அவர் மூச்சை இழுத்தார். "ஒரு எழுத்துப் பிழை இல்லாம அடிச்சு அனுப்பிட்டேன். இருபத்திரண்டு வருஷத்துல என் வேலையை யாரும் குத்தம் சொன்னதில்ல."

"அதுக்கப்புறம் கீயில பசைப் பொட்டு வச்சு, எண்ணி வேலை செஞ்சீங்க."

"மூணு டேப், ஒரு கீழ் அம்பு, ஒரு என்டர். ஃபைல் திறக்கும். அஞ்சு டேப் அடிச்சா அனுப்பலாம். பழைய சிஸ்டம் எனக்கு வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி, கண்ணை மூடிக்கிட்டுப் போவேன். புதுசுல எல்லாம் இடம் மாறிடும்னு சொன்னாங்க. முதல் அஞ்சு நிமிஷத்துல என் பொண்ணு முன்னாடி கையும் களவுமா மாட்டிக்குவேன்."

ஸ்க்ரூவால் அடக்க முடியவில்லை. "ஆனா சார், மாத்தலன்னா திங்கட்கிழமை எப்படியும் வேலை போயிடுமே?"

"போகட்டும் தம்பி. பொட்டி சரியில்ல, வேலை போச்சுன்னு சொன்னா பொட்டியைத் திட்டுவாங்க. கண்ணு போச்சுன்னு சொன்னா என்னைப் பார்த்து அழுவாங்க. என் முன்னாடியே உட்கார்ந்து சத்தமில்லாம அழுதா, அது எனக்குத் தெரியக் கூடத் தெரியாது. அதை நினைச்சாத்தான் தாங்க முடியல." அவர் மேடம் இருக்கும் திசையில் கை குவித்தார். "பென்டிரைவ் நான்தான். காப்பி பண்ணினதும் நான்தான். பொண்ணுகிட்ட வேணும்னா சொல்லுங்க. என் மனைவிக்கு மட்டும் தெரிய வேணாம். அவ தாங்க மாட்டா."

"பிளக்கைப் பிடுங்கினது?"

"அது நான் இல்லையே. நான் செருப்புக் கடையில இருந்தேன். யாராவது கால் தடுக்கிக் கழண்டிருக்கும்னு நினைச்சேன்."

மேடத்துக்கு அடுத்ததைச் சொல்லப் பிடிக்கவில்லை. வேறு வழியும் இல்லை.

"சார், தினமும் குளிச்சிட்டு வந்ததும் ஹெட்போனை மூணு பல் பெருசு பண்ணித்தான் மாட்டுறீங்க. முந்தின நாள் உங்க தலையில இருந்த ஹெட்போன் ராத்திரியோட ராத்திரியா தானா சுருங்குமா?"

டைப்பிஸ்ட்டின் கை காதுக்கு மேலே போயிற்று. பட்டையைத் தொட்டது.

"இன்னொண்ணு. உங்க மனைவி டம்ளரை வச்சிட்டு மேஜையில ரெண்டு தட்டு தட்டுறாங்க."

"அது அவ பழக்கம்."

"கல்யாணமான நாள்லேர்ந்தா?"

ஆமாம் என்று சொல்ல வந்தவர் சொல்லவில்லை. உதடு அசைந்தது. முப்பத்திரண்டு வருஷத்தை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. வலது கை மேஜை மேல் நகர்ந்து டம்ளரைத் தேடியது. அவள் தட்டிய அதே இடத்தில் விரல் நின்றது.

"இல்ல," என்றார். "இந்த மூணு மாசமாத்தான்."

வாசற்படியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று ஸ்க்ரூவுக்குத் தெரியாது. புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். ஈரம் எப்போதோ போயிருந்தும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"என்னங்க," என்றாள்.

அவர் திரும்பினார். சரியாக அவளைப் பார்த்துத் திரும்பவில்லை. ஒரு சாண் தள்ளி, கதவுநிலையைப் பார்த்துத் திரும்பினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான் மூன்று மாதமாக அந்த வீட்டில் நடந்திருக்கிறது. மறைத்தவர்கள் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

"அந்த ஃபைல் வந்த அன்னிக்கு உங்க கால் ஒரே இடத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டிக்கிட்டு இருந்தது," என்றாள் அவள். "கதவுகிட்ட நின்னு பார்த்தேன். முப்பது, நாப்பது தடவை இருக்கும். நீங்க எந்திரிச்சுக் குளிக்கப் போனதும் நான் ஹெட்போனை மாட்டி, பெடலை அமுக்கிக் கேட்டேன். நம்பர் உங்க ஆஸ்பத்திரிச் சீட்டுல இருக்கிறதுதானே. நான்தானே அதைப் பத்திரமா வச்சிருக்கேன்."

"அப்புறம் எதுக்குத் தினமும் கேட்டே?"

"டாக்டர் வேற மாதிரி எதுவும் சொல்லியிருக்காரான்னு பார்க்கத்தான். உங்க நம்பர் மறுபடி வருமான்னு." அவள் குரல் உடைந்தது. "வரவே இல்லங்க."

மேடம் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஸ்க்ரூ தரையைப் பார்த்தான்.

"பிளக்கை ஏன் பிடுங்கினே? பொட்டியே போயிருக்கும், தெரியுமா?"

"பொட்டியைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? ரெண்டு தடவை அது நடக்கவிடாம நீங்க என்னவோ பண்ணீங்கன்னு மட்டும் தெரியும். மூணாவது தடவை உங்களைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. படியிறங்குறப்ப உங்க மூஞ்சி போன போக்கைப் பார்த்தேன். மனசு கேக்கல. வந்து பிடுங்கிட்டேன்."

அவள் வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் கையை நீட்டி அவள் புடவையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். அவர் சொன்னதுபோல் சத்தமில்லாமல் அவள் அழவில்லை. அவருக்குக் கேட்கட்டும் என்றே வாய்விட்டு அழுதாள் என்று ஸ்க்ரூ இன்றைக்கும் சொல்வான்.

நாலு மணிக்கு டீச்சர் வந்தாள். கைப்பை வாரை முறுக்கிக்கொண்டே அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"யாருன்னு தெரிஞ்சுதா மேடம்?"

மேடம் வாயைத் திறக்குமுன் டைப்பிஸ்ட் முந்திக்கொண்டார். "நான்தாம்மா."

"நானும்தான்," என்றாள் அம்மா.

அவர்களே சொன்னார்கள். அவர் பாதி, அவள் பாதி. டீச்சர் நின்றபடியே கேட்டாள். ஒரு இடத்தில் மட்டும் குறுக்கிட்டாள்.

"அப்போ அன்னிக்கு, செருப்புக் கடைக்குப் போறப்ப, என் கையைப் பிடிச்சுக்கிட்டு..."

"வழி தெரியலம்மா," என்றார் அப்பா. பிறகு, "பிடிச்சுக்க நல்லாவும் இருந்தது," என்றார். டீச்சர் அங்கேயே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அழுது முடித்து முகம் கழுவி வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, இனி இந்த அப்கிரேட் எதற்கு என்பதுதான். அதற்கும் அப்பாவிடம் பதில் இருந்தது. பாக்கி நாலு ஃபைல் இருக்கிறது. அவை யாரோ நாலு பேருடைய உடம்பைப் பற்றியவை. எங்கேயோ அவர்கள் அந்த அறிக்கைக்குக் காத்துக்கொண்டிருப்பார்கள். "திங்கட்கிழமை உள்ள போய் அதை முடிச்சு அனுப்பிட்டு, எனக்குக் கண்ணு தெரியல, இனி முடியாதுன்னு நானே ஒரு கடிதம் அடிச்சு அனுப்பிடறேன். பொட்டி மேல பழி போட வேணாம்."

அதற்கு மேல் ஸ்க்ரூவின் வேலை. டைப்பிஸ்ட் இந்த வாரமும் செருகி வைத்திருந்த பென்டிரைவை உருவினான். பெடலைக் கழற்றி வைத்தான். மறுபடி ரொப்பியிருந்த காப்பிகளை அழித்து இடம் பண்ணினான். இருக்கிற ஃபைல்களை எல்லாம் தனியே எடுத்து வைத்தான். பெடலுக்குப் புது மென்பொருளைத் தேடி இறக்கிவைத்தான். பிளக்கை ஒரு முறைக்கு இரண்டு முறை அழுத்திப் பார்த்தான். பிறகு புது சிஸ்டத்தை ஓடவிட்டான்.

நாலு பேரும் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். ஐந்தாவது ஆளுக்காக மனைவி எண்ணை வாய்விட்டுச் சொன்னாள். இருபது. இருபத்தி ஒண்ணு. சில எண்கள் சட்டென்று வந்தன, சிலவற்றுக்கு வெகு நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. டீச்சர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே இருந்தாள். அறுபத்தி ஒண்ணு என்றாள் அம்மா. அறுபத்திரண்டு என்றாள். அங்கே அது நின்றது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். ஸ்க்ரூ தன் வாழ்க்கையில் வேண்டிக்கொண்டது கொஞ்சம்தான். அதில் ஒன்று அந்த இரண்டு நிமிஷத்தில்.

"அறுபத்திமூணு," என்றாள்.

பிறகு நூறு வந்தது. பொட்டி அணைந்து எரிந்தது. ஸ்க்ரூ பெடலைத் திரும்ப மாட்டி, புது மென்பொருளைப் போட்டு, அது வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்த்தான். செய்தது. சாதாரணமாக அந்த இடத்தில் அவன் மார்தட்டிக்கொள்வான். அன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்து, டைப்பிஸ்ட்டின் கையைப் பிடித்து அதில் உட்காரவைத்தான்.

"புது ஸ்க்ரீன் எப்படி இருக்கு?" என்று கேட்டார் அவர்.

"நீலமா இருக்கு," என்றாள் மனைவி.

"எந்த நீலம்?"

அவள் யோசித்தாள். "இவ முதல் நாள் ஸ்கூலுக்குப் போட்டுக்கிட்டுப் போனாளே ஒரு சட்டை. வெளுத்து வெளுத்து அப்புறம் நீங்க பொட்டி துடைக்க வச்சுக்கிட்டீங்களே. அந்த நீலம். வெளுக்கிறதுக்கு முன்னாடி இருந்தது."

"ஓ," என்றார். அந்த நீலம் அவருக்குத் தெரியும்.

விரல்களைக் கீபோர்டில் வைத்தார். பசைப் புள்ளியைத் தேடித் தொட்டார். மூணு டேப், ஒரு கீழ் அம்பு, ஒரு என்டர். காத்திருந்தார். எதுவும் திறக்கவில்லை. மறுபடி எண்ணி அழுத்தினார். இருபத்திரண்டு வருஷம் ஓடிய பத்து விரல்களும் போக்கிடம் தெரியாமல் கீபோர்டுக்கு மேலே நின்றன.

அவள் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள். கம்ப்யூட்டரைப் பற்றி எதுவும் தெரியாதவள், வாழ்க்கையில் முதல் முறையாக அதை வரி வரியாகப் படித்தாள். ஃபைல் இருக்கும் கட்டத்தைக் கண்டுபிடித்து, நடுவில் இருக்கும் கட்டங்களை மனதுக்குள் எண்ணினாள். பிறகு மேஜையை நகத்தால் இரண்டு தட்டு தட்டினாள்.

"இன்னும் ரெண்டு," என்றாள்.

அவர் டேப்பை இன்னும் இரண்டு முறை அழுத்தி, என்டரைத் தட்டினார். ஃபைல் திறந்தது.